மோர்

ஒறம்பரை நூத்தம்பது பேர்.
தம்பி சென்னியப்பன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சி
பந்தியும் ஒரு சுற்று முடிந்தது.
"எங்கக்கா துளசிமணி இப்பப் பாடும்" என்று
என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டான்.
மைக்செட்காரர் கம்பியை என் வாய்க்கு நேரே திருப்பினார்.
வேண்டாமுங்க என்றேன்.
"கேக்காதுங்க அம்மிணி, பொறத்தால நாலு தறிக்குடோன் ஓடுது."

கேட்கும்.
அறுபது வாத்தியங்களுக்கு மேலே
மைக் இல்லாமல்
மலிவு டிக்கெட்டின் கடைசி வரிசை வரை குரல் போக
விலா எலும்பைக் குடைபோல் விரித்துப் பிடிக்க வேண்டும்.
அதற்கே எனக்கு ஏழு வருசம்.

அப்புறம் இருபத்திமூன்று வருசம் கெம்னிட்ஸ் அரங்கில்.
அதுவும் ஒரு காலத்தில் தறி ஓடிய ஊர்தான்.
பணிப்பெண். இன்னொரு பணிப்பெண்.
கடிதம் கொண்டுவரும் பையன்,
தாழ்ந்த பெண்குரலுக்குக் கால்சட்டை மாட்டிவிடுவார்கள்.
சூனியக்காரிகளில் இரண்டாவது.
நாயகிக்குத் தொண்டை கட்டிய ஒரு பிப்ரவரியில் மட்டும்
மூன்று இரவு ராணி.
நாலாம் இரவு அவளுக்குச் சரியாகிவிட்டது.
சோமனூரில் கேட்டால்
"ஃபாரின்ல பாட்டு டீச்சர்" என்றார்கள்.
நானும் திருத்தவில்லை.

மேடை விளிம்பில் ஒரு குழி உண்டு.
அதில் உட்கார்ந்து ஒருத்தி வரி எடுத்துக்கொடுப்பாள்.
மற்றவர்களுக்கு அவள் குரல் வேண்டும்,
எனக்கு உதடு போதும்.
எப்படி, எப்படி என்பார்கள்.
தறிச்சத்தத்தில் யார் காதை நம்பினார்கள்?
தார் தீந்துபோச்சு, மேஸ்திரி வர்றான்,
புள்ளைக்குக் காச்சல்,
எல்லாம் உதட்டிலேயே ஓடும்.
அம்மா அப்படித்தான் என்னை வைதாள், கொஞ்சினாள்.
அவள் காது முழுசாய்ப் போன வருசம்
வீட்டில் யாரும் பேச்சை மாற்றவேண்டி வரவில்லை.

இப்போது முன்வரிசையில் இருக்கிறாள்.
மடிப்புக் கலையாத புதுச்சேலை.
என் வாயையே பார்க்கிறாள்.

மைக்கை ஓரமாய் நகர்த்திவிட்டுப் பாடினேன்.
இத்தாலிய மொழி. ராணி சாவைக் கூப்பிடுகிற இடம்.
கிரகப்பிரவேசத்தில் இதைப் பாடலாமா என்று
யாரும் கேட்கவில்லை, யாருக்குத் தெரியும்.
மோர்த்தே என்றால் சாவு.
முதல்தடவை தாழ்வாக, தரையோடு.
சமையல்காரர் கரண்டியை நிறுத்தினார்.
ஏதோ குழந்தை வீறிட்டது.
மோர்த்தே.
இரண்டாம் தடவை மேலே, மூச்சு தீரும்வரை.
குடோனைத் தாண்டிற்றா தெரியாது,
மைக்செட்காரர் மட்டும்
பிளக்கைப் பிடுங்கினோமா என்று குனிந்து பார்த்தார்.

அம்மா எழுந்தாள்.
பிடிக்கவில்லை, உள்ளே போகிறாள் என்று நினைத்தேன்.
பந்தி ஓரம் போய் அண்டாவில் மொண்டு
டம்ளர் அடியை முந்தானையில் துடைத்து
நடுப்பாட்டில் வந்து நீட்டினாள்.
"எத்தன வாட்டி கேக்கறா புள்ள,
ஒருத்தருக்கும் எந்திரிக்க முடியல."

பந்தலே சிரித்தது. நான் குடித்தேன்.
கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு ஒரு கல் கூடுதல்.

பாட்டில் இன்னும் எட்டு வரி பாக்கி.
ராணி அதில்தான் சாக வேண்டும்.
டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.
அம்மா நகரவில்லை.
அடுத்து என்ன வேண்டுமோ என்று
என் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.