மிச்சம் பதினேழு நிமிஷம்

பர்கூர் தாண்டி ஜெகதேவி போகிற ரோட்டில்
கிரானைட் எடைமேடை. இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறினால் எண் எரியும்,
இறங்கினால் சுழியம்.
நடுவில் கிடக்கிற நேரத்துக்குத்தான்
இந்தப் படங்கள்.

போனில் ஸ்பீக்கர் செத்து ஒரு வருஷம்.
மாற்ற எண்ணூறு கேட்டான், விட்டுவிட்டேன்.
சத்தமே தேவைப்படாத படமாய்த் தேடியதில்
ஜப்பான் கிடைத்தது:
நூறு வருஷத்துக்கு முந்திய வாள்வீரர்கள்,
சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம்,
மழையே இல்லாத தெருவில்
பிலிம் கீறல் பெய்கிற மழை.

முழுசாக எதுவும் கிடைக்காது.
கொஞ்சம் தீயில், கொஞ்சம் குண்டில்,
கொஞ்சம் வெள்ளி எடுக்க உருக்கியதில் போனதாம்.
நேற்று பார்த்ததில் மிச்சம் பதினேழு நிமிஷம்.
அவன் யார், பெயர் என்ன, யாரோடு பகை
எல்லாம் தொலைந்த சுருளில்.
நம் கைக்கு வந்து சேர்ந்தது
ஒரு முட்டுச்சந்து, ஓர் ஆள்,
அவனைச் சுற்றி நூறு காகித விளக்கு.

திம்மராயன் வண்டி வரிசையில் மூன்றாவது.
இறங்கி வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
'என்னா சார், ஊமைப் படமா?'
கிளீனர் பையன் வந்தான்.
டீ கேனோடு சாக்கம்மா.
உள்ளங்கை அகலத் திரைக்கு நாலு தலை.

அந்த ஊர்க் கொட்டகையில்
திரைக்குப் பக்கத்தில் ஒருத்தன் நின்று
அத்தனை பேர் குரலையும் தானே பேசுவானாம்.
பென்ஷி என்று பெயர்.
எனக்கு அந்த ஊர் எழுத்து ஒன்றும் தெரியாது.
ஆனாலும் தொண்டையைச் செருமினேன்:
'டேய், கயித்த வீசுங்கடா! ஏணியக் கொண்டாங்கடா!'
'வாங்கடா, எத்தன பேரு வரீங்க?'

சிரித்தார்கள்.
நிஜமாகவே ஏணியோடு சேவகர்கள் வந்தபோது
இன்னும் சிரித்தார்கள்:
ஆளைப் பிடிக்க எவனாவது ஏணி தூக்குவானா?

அப்புறம் அவன் கொண்டை அவிழ்ந்தது.
சுவரில் சாய்ந்தான். வாளை ஊன்றி எழுந்தான்.
அழகான வெட்டில்லை அது,
விடியக்காலைக் கடைசி லோடு
ஏற்றுகிறவன் கை.
நான் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

'எதுக்கு சார் சண்ட?' என்றான் கிளீனர்.
'தெரியல. அந்தப் பாகம் இல்ல.'
'கூலி குடுத்திருக்க மாட்டானுங்க' என்றான் திம்மராயன்.
சாக்கம்மா டம்ளரை உதறிக்கொண்டே
'மாட்ட ஓட்டினு போயிருப்பானுங்க' என்றாள்,
பக்கத்துத் தெரு விஷயம் போல.

வாள் தலைக்கு மேல் ஏறியது.
இறங்கவில்லை.
வெள்ளைப் புள்ளிகள், கறுப்பு, அவ்வளவுதான்.
நெட் காசு கட்டலையா என்று
திம்மராயன் என்னைத் திட்டினான்.

மேடைக்குப் பின்னால் புளியமரத்தடியில்
வேடியப்பன். இடுப்பளவுக் கல்.
ஒரு கையில் வாள், ஒரு கையில் வில்,
மாரில் மூன்று அம்பு.
படிக்கத் தெரிந்தவர் ஒருத்தர்
கல்லில் மாவைத் தேய்த்து, டார்ச் பிடித்து
எழுத்துக் கூட்டிப் போனார்:
தொறு மீட்டுப் பட்டான்.
பெயர் இருக்க வேண்டிய மூலையில்
ஏதோ ஒரு டிப்பர்
ரிவர்ஸ் எடுத்திருக்கிறது.

திம்மராயன் வண்டி ஏறியது.
நாற்பத்தோரு டன், முந்நூறு கிலோ.
சீட்டை வாங்கியும் நகரவில்லை.
'செத்தானா, தப்பிச்சானா? அத மட்டும் சொல்லு.'
பென்ஷிக்கு அந்த அதிகாரம் உண்டு.
'தப்பிச்சான்' என்றேன்.
நம்பாமலே கியர் போட்டான்.

'நாலு டீ, நாப்பது' என்று
காசை முந்தியில் முடிந்தாள் சாக்கம்மா.
'தப்பிச்சவனுக்கு யாரு சார் கல்லு வைக்கிறாங்க?'

அடுத்த லாரி வரக் காணோம்.
படத்தை முதலிலிருந்து போட்டேன்.
இந்த முறை பேசவில்லை.