நடுக்கட்டை

துலூத்தில் ஏரிக்கரை உறைந்துபோன வாரத்தில்
அடகுக்கடையில் வாங்கினேன் இதை.
இருநூற்றுப் பத்து டாலர். பெட்டி கிடையாது.
குலுக்கினால் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

இதற்கு முன் இருந்தது முழுக்கூடு.
வீட்டில் தேன். மேடையிலோ
ரோஸ்கோ டிரம்ஸில் கைவைத்ததும்
ஆம்ப் சொன்னதைத் தானும் சொல்லி
தான் சொன்னதை ஆம்ப் மறுபடி சொல்ல
ஊரே காதைப் பொத்தும் ஊளை.
"உன் நாயை வெளியே கட்டிவிட்டு வா, ஐலி"
என்றார் மதுக்கூடக்காரர்.
கடன் வாங்கிய இன்னொன்று முழுமரம்.
ஊளை இல்லை. ஆனால் நெஞ்சோடு அணைத்தால்
கதவில் சாய்ந்த மாதிரி.

பல் மருத்துவமனையில் வேலை எனக்கு.
ஒரு சிறுகண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து
வளைந்த பிளவு வழியே விட்டுப் பார்த்தேன்.
கழுத்திலிருந்து வால்வரை
நட்டநடுவே ஒரு மேப்பிள் கட்டை.
வழிந்து காய்ந்த பசை.
யாரோ பென்சிலால் போட்ட ஒரு கோடு.
இருபுறமும் ஆளில்லாத அறைகள்;
இடது அறையில் ஒரு சட்டைப் பொத்தான்.
கம்பியை வளைத்து இரண்டு மணிநேரம் மல்லாடினேன்.
வரவில்லை. கிடக்கட்டும்.

பிறகு எங்கு போனாலும் இதுதான்.
லூத்தரன் தேவாலயத்தில் அடக்க ஆராதனை என்றால்
கழுத்தோரப் பிக்கப்பில் டோனைப் பாதிக்குமேல் மூடுவேன்:
போர்வைக்குள்ளிருந்து பேசும் குரல்.
அன்றிரவே மதுக்கூடத்தில் சுவிட்சைத் தட்டிப்
பிரிட்ஜோரம் போனால்
பல்லிடுக்கில் எலுமிச்சை.
ரோஸ்கோ எவ்வளவு ஓங்கி அடித்தாலும்
கட்டை அசையாது, அறைகள் மட்டும்
லேசாக மூச்சு வாங்கும்.
இரண்டு பிக்கப்பும் சேர்ந்த நடுநிலைக்கு
எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.
ரோஸ்கோவின் மனைவி "ஈரச் செங்கல்" என்றாள்.
இருக்கலாம்.

பிப்ரவரி. ஃபின்னிஷ் மன்றத்தில் டாங்கோ இரவு.
நாற்பது ஜோடிகள். ஏழாவது பாட்டின் நடுவில்
பனிக்கட்டியின் பாரம் தாங்காமல்
எங்கோ மின்கம்பி அறுந்தது.
இருட்டு.
கீபோர்டு ஊமை. பாஸ் ஊமை.
என் விரல்கள் மட்டும் நிற்க மறந்து
போய்க்கொண்டிருந்தன.

கேட்டது.
பெரிதாக ஒன்றுமில்லை,
சாத்திய கதவுக்கு அப்பால் யாரோ
தனக்குத்தானே பாடுகிற அளவுக்கு.
மேடையை ஒட்டிய மூன்று ஜோடிகள் ஆடினார்கள்.
மற்றவர்கள் அவர்கள் காலடியைக் கேட்டு ஆடினார்கள்.
சத்தம் வேண்டாமென்று
திருமதி கொர்பெலா ஷூவைக் கழற்றிவிட்டாள்.
இடது அறையில் அந்தப் பொத்தான்
நான்காவது தட்டுக்குச் சரியாக வந்து விழுந்தது,
எனக்குத் தெரியாமல் பழகியிருக்கிறது போல.

இன்னும் கொஞ்சம் கேட்கட்டுமே என்று
வால்யூமை முழுக்கத் திருகி வைத்திருக்கிறேன்,
கரண்டே இல்லாதபோது!
விளக்கு வந்தது.
கட்டையையும் மீறி எழுந்தது பாருங்கள்
ஓர் ஊளை,
திருமதி கொர்பெலா வெறுங்காலோடு
ஒரு முழம் துள்ளினாள்.