நூற்றுப் பதினொன்று

நாளை ஒன்பதரைக்குக் கூட்டம்.
கெம்பனூர் ஆரம்பப் பள்ளி, மூன்றாம் வகுப்பு அறை.
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
கிழக்குச் சன்னலுக்குக் கதவில்லை.
மார்கழி வெயில் நேராக வெள்ளைத் துணியில் விழும்.
படத்தில் இருக்கும் யானை
அந்நேரம் சுவரில் இருக்காது.

ஒன்பதரை என்று வைத்ததற்குக் காரணம் பால்.
எட்டரைக்குச் சொசைட்டி வண்டி போய்விடும்,
பத்தரைக்கு மாடு அவிழ்க்க வேண்டும்.
இரவெல்லாம் ராகிக்குக் காவல் இருந்தவர்கள்
இருபதாவது நிமிடத்தில் தூங்குவார்கள்.
தூங்கட்டும், அதில் அவமரியாதை ஒன்றுமில்லை.
ஆகவே எனக்குப் பதினைந்து நிமிடம்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த கோப்பில்
இருபத்தாறு படங்கள்.
இரண்டாவது: ‘யானை ஒரு தாவர உண்ணி.’
அதை முதலில் எடுத்தேன்.
போன வாரம் கெஞ்சம்மாவின் முக்கால் ஏக்கர்
அதைப் படித்து முடித்துவிட்டது.

ஒன்பதாவதில் ஒரு வட்டம், நான்கு நிறத் துண்டுகள்.
‘மோதல் நிகழ்வுகளின் பருவவாரிப் பரவல்.’
வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.
காப்பி ஆற்றிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்
‘யாருக்கு உடம்பு சரியில்லை?’ என்றார்.
கதிர் முற்றினால் வரும்.
இவ்வளவுதானே அந்த வட்டம்.
அதையும் எடுத்தேன்.

அந்த ஊரில் பாதி வீடுகளில் அது ஆனே,
கொஞ்சம் வீடுகளில் ஏனுகு,
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யானை.
நான் மேச்சேரிக்காரி, எனக்கு ஒன்றுதான் வாயில் வரும்.
மற்ற இரண்டையும்
ஜவளகிரி ரோட்டில் வண்டி ஓட்டியபடி சொல்லிப் பார்த்தேன்.
எதிரே வந்த லாரிக்காரர் ஆரன் அடித்தார்.

எச்சரிக்கைச் செய்தி தமிழில்தான் போகிறது.
முனிவெங்கடப்பாவின் பழைய போனில்
அது வெறும் கட்டம் கட்டமாக வந்து சேர்கிறது.
கட்டம் வந்தால் யானை வருகிறது.
அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார்.
ஒருமுறை ரீசார்ஜ் விளம்பரத்துக்கும்
பட்டாசு வெடித்திருக்கிறார்.
ஆனாலும் என் இருபத்தாறு படங்களில்
இவ்வளவு வேலை செய்கிற படம் ஒன்றுமில்லை.

மிச்சம் ஒரே கேள்வி.
கேட்கத்தான் போகிறார்கள்:
படிவம் கொடுத்தால் பணம் எத்தனை நாளில்?
போன வருடக் கணக்கைப் புரட்டி வைத்திருக்கிறேன்.
நூற்றுப் பதினொரு நாள்.

‘கடைசியில் வை’ என்றார் ரேஞ்சர் இருதயராஜ்.
‘டீயும் பிஸ்கட்டும் வந்த பிறகு.
வாயில் பிஸ்கட் இருந்தால் கோபம் பாதிதான் வெளியே வரும்.’
இருபது வருடம் கூட்டம் நடத்தியவர்,
தப்பாகச் சொல்லவில்லை.
அப்படியே வைத்தேன்.

பிறகு பேசிப் பார்த்தேன்,
எதிரே காலி நாற்காலி, அதில் கெஞ்சம்மா என்று நினைத்துக்கொண்டு.
அவர் குறுக்கே பேசவில்லை.
அந்த ஒரு எண்ணுக்காக
முந்தானையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
பதினான்கு நிமிடமும் நான்,
பஸ் வரும்வரை ஸ்டாண்டில் அலறும் ஒலிபெருக்கி.

இரவு ஒரு மணிக்கு அதைத் தூக்கி மேலே வைத்தேன்,
வணக்கத்துக்கு அடுத்த வரியில்.

‘போன வருடம் நூற்றுப் பதினொரு நாள் ஆனது.
அதில் நாற்பது நாள்
கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்த படிவங்களுக்கு.
அந்த நாற்பதை வெட்டுவது எப்படி?
அதற்குத்தான் வந்திருக்கிறேன்.’

முதல் வரி முடிந்ததும் ‘நிறுத்து’ என்று
ஓரத்தில் குறித்தேன்.
எத்தனை நொடி என்றும் எழுதி,
அடித்துவிட்டேன்.
அது அவர்கள் கையில்.

ஒன்று நாற்பதுக்கு என் போன் அதிர்ந்தது.
ஏழு யானைகள், கெம்பனூர் ஏரிக்கரை.
இந்நேரம் அங்கே ஒரு போனில்
கட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கும்.

விளக்கைப் போட்டேன்.
பதினைந்தை அடித்துவிட்டு
எட்டு என்று எழுதினேன்.