பழுது பார்த்த ரசீது

ஃபிரீஸ்லாந்தில் மழை.
ஓட்டலிலிருந்து அழைத்தார்கள்:
நூற்றுப் பதினான்கில் குழாய் சொட்டுகிறது.
தெரியும் என்று வாய்வரை வந்தது.
நான் இருந்தபோதும் சொட்டியது.

யெல்ட்ஷே என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
சாவி என்று தந்தது ஓர் அட்டை.
அது கிலுங்கவில்லை.
கிலுங்கலை வைத்தே
எந்தக் காவலர் வருகிறார் என்று சொல்லுவோம் அப்போது.

வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே, தோளில் எழுத்துச் சுட்ட இரும்பு.
அந்தக் காலத் தண்டனைக்குச் சந்தைநாள் வேண்டும்,
சாரம் வேண்டும்,
மீன்காரி பேரத்தை நிறுத்தி
நிமிர்ந்து பார்க்க வேண்டும்.
பக்கத்தில் துணி முகமூடி, கண்ணுக்கு இரண்டு துளை.
பிறகு வந்த கனவான்கள் இரக்கமுள்ளவர்கள்,
ரத்தம் அவர்களுக்கு ஒவ்வாது.
ஆளுக்கோர் அறை, ஆளுக்கொரு வேதப்புத்தகம்,
முற்றத்தில் நடக்க ஆளுக்கொரு முகமூடி.
இன்னொருவன் முகம் பார்த்தால்
மனம் திருந்தாதாம்.
துணியின் உள்பக்கம், வாய் இருந்த இடத்தில்
பழுப்பாய் ஒரு வட்டம்.
எத்தனை பேர் மூச்சோ.
விளக்க அட்டையில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

என் காலத்தில் முகமூடி இல்லை.
டி.வி. இருந்தது, வாடகைக்கு.
பதினைந்து நாளுக்கொருமுறை மகள் நின்கே வருவாள்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சாற்றைச்
சத்தமில்லாமல் உறிஞ்சப் பழகியிருந்தாள்.
யாரும் அடிக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும்.
மாலை நாலே முக்காலுக்குக் கதவைச் சாத்துவார்கள்.
அவ்வளவுதான்.
மூன்று வருடம் நான்கு மாதம்.

இரண்டு அறையை இடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.
நடுச்சுவரில் தட்டித் தட்டியே
என்னோடு சதுரங்கம் ஆடினான்
குராசோ தீவின் எல்ஸ்வின்.
குதிரைக்கு மூன்று தட்டு. ராணிக்கு நகத்தால் ஒரு கீறல்.
இருமலைத் தெரியும், முகத்தைப் பார்த்ததில்லை.
சுவர் இருந்த இடத்தில் கட்டில்,
தலையணைமேல் ஒரு சாக்லேட்.
இரவுக்கு நூற்றறுபது யூரோ. காலை உணவு தனி.

வாஷர் மாற்றினேன். இருபது நிமிட வேலை.
கருவிப் பெட்டியை மூடினேன்.
கதவு எப்போதோ தானாகச் சாத்திக்கொண்டிருந்தது.
அதற்கு எதிரே இரண்டடி தள்ளி நின்றேன்,
கைகள் தெரியும்படி.

நின்றேன்.

வெளியே சக்கரப் பெட்டி இழுத்துப் போனார்கள் யாரோ.
அது சாப்பாட்டு வண்டி இல்லையென்று
என் வயிற்றுக்குத் தெரியவில்லை.
ஜன்னலில் மழை விட்டது, மறுபடி பிடித்தது.

யெல்ட்ஷே திறந்தாள்.
இன்னும் முடியவில்லையா?
அவள் தோளுக்குப் பின்னே, கதவின் உள்பக்கத்தில்,
என் இடுப்பு உயரத்தில்
பித்தளைக் கைப்பிடி ஒன்று.
புத்தம் புதிது.

ரசீதில் இருபது நிமிடம் என்று எழுதினேன்.
அவள் கடிகாரம் பார்த்து, அதை அடித்து,
ஒரு மணி நேரம் என்று திருத்தினாள்.
வேண்டாம் என்றேன்.
உள்ளேதானே இருந்தீர்கள் என்றாள்.

வண்டியில் ஏறிய பிறகு ஒரு சந்தேகம்,
குழாயை இறுக்கினேனா என்று.
திரும்பிப் போகவில்லை.