எரிமலை வாயில் ஒரு வலை

இந்த வருஷம் கிழங்கு கருகிவிட்டது.
நாற்பது மூட்டை வரவேண்டிய சரிவில்
ஒன்பது.
இலையின் அடியில் சாம்பல் பூத்த அன்றே
தெரிந்துவிட்டது எனக்கு.

மருந்துக்கடைக் கடன் ஒரு பக்கம் நிற்க
கசாதா மாதத்துப் பௌர்ணமியும் வாசலில் வந்து நிற்க,
"எதற்கு நன்றி?" என்றார் சுகார்ஜி.
அடுப்பைப் பார்த்தபடி கேட்டார்.
என்னையா, புரோமோ மலையையா, தெரியவில்லை.

ஒன்பது மூட்டையையும் தரையில் கொட்டி
சொத்தை இல்லாததாகப் பதினோரு கிழங்கு பொறுக்கினேன்.
ஒரு முட்டைக்கோஸ். வெங்காயத்தாள் ஒரு கட்டு.
சேவலைப் பிடிக்கத்தான் நேரமாயிற்று;
அதற்கும் தெரியும்போல, நாள்கிழமை.

மணல்கடலை மோட்டார் பைக்கில் கடந்தோம்.
பனி. கந்தக நெடி. எங்கும் முன்விளக்குகள்.
கோயிலில் பண்டிதரின் மந்திரத்துக்கு நடுவே
ஒலிபெருக்கியில் அவர் இருமலும் கேட்டது.
படிகளை எண்ணுவது என் வழக்கம்,
எண்ணி முடித்ததில்லை;
நூற்றெழுபதில் மூச்சு குறுக்கே வந்துவிடும்.

விளிம்பில் நின்றால் உள்ளே புகை.
புகைக்குள் மனிதர்கள்.
கீழ்நாட்டுக்காரர்கள்,
எங்கள் சாமி அவர்களுக்கு இல்லை,
நிலமும் இல்லை.
மூங்கில் கழியில் வலை கட்டி
சரியும் சாம்பலில் குதிகாலை ஊன்றி
நாங்கள் எறிவதை ஏந்தி நிற்பார்கள்.
கல்யாணமான புதிதில் அவர்கள்மேல் அத்தனை கோபம் எனக்கு,
போகிற காணிக்கையை வழிமறிக்கிறார்களே என்று.

கண்ணை மூடினேன்.
ஒன்பது மூட்டைக்கு, என்றேன் உள்ளுக்குள்.
மீதி முப்பத்தொன்றைக் கேட்க
நாக்கு நுனிவரை வந்தது.
மென்று விழுங்கினேன்.

கிழங்குகள் போன சத்தமே இல்லை.
கோஸ் இரண்டு தரம் துள்ளிப் புகையில் மறைந்தது.
சேவல் மட்டும் இறக்கையடித்து,
யோசித்து,
ஒரு வலைக்குள் இறங்கியது.

முகத்தைத் துணியால் மூடியிருந்த ஒருவன்
அதைக் காலைப் பிடித்துத் தூக்கி
மேலே பார்த்துக் கத்தினான்:
"தெரிமா காசிஹ், இபு!"

சந்தையில் பள்ளியில் பஸ்ஸில் புழங்குகிற
சாதாரண நன்றிச்சொல்.
பிரித்தால் அன்பை ஏற்றுக்கொள் என்று வரும்.
வாழ்நாளெல்லாம் இந்தப் பள்ளத்துக்குள்
நன்றியை வீசியிருக்கிறேன்.
ஒரு தரமும் உள்ளிருந்து குரல் வந்ததில்லை.
வந்தபோது அதற்குத் தொண்டை கட்டியிருந்தது,
பசித்திருந்தது,
அம்மா என்று கூப்பிட்டது.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள்
பின்னாலிருந்து சுகார்ஜி முன்னே வந்தார்.
குளிர்ச்சட்டைப் பையிலிருந்து
ஒரு கிழங்கை எடுத்தார்.
நான் பொறுக்காதது. பாதி கறுப்பு.
எந்த வலையும் எட்டாத இடம் பார்த்து
முழு பலத்தோடு வீசினார்.

அது கோபமா, படையலா,
நான் கேட்கவில்லை.
விழுகிற சத்தத்துக்காக இருவரும் காத்து நின்றோம்,
கேட்கவில்லை அதுவும்.

படியிறங்கும்போது சொன்னார்,
"விதைக்கிழங்கு என்ன விலையென்று
நாளைக்கு விசாரிக்கணும்."