ஐம்பத்தாறு எழுநூறு

ஞாயிறு காலை ஏழரை.
கொட்டாஞ்சேனையில் பூசைக்கு மணி அடிக்கிறது.
அங்கே அவர்களுக்கு இன்னும் சனி இரவு.
போனை அரிசி டப்பாவில் சாய்த்துவிட்டு
பிளேன்ரீயை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
முதலில் வருவது சின்ன ஆட்கள்,
சுவரொட்டியின் அடியில்
பொடி எழுத்தில் பெயர் இருப்பவர்கள்.

அறையைப் பங்குபோடும் நௌஸர் பத்து மணிக்குத்தான் எழும்புவான்.
"பெரிய ஆக்கள்ட சண்டை வந்தா சொல்லு மச்சான்,
இது கோழிச் சண்டை."
அவனுடைய பெரிய ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன்.
இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கி,
ஆமர் வீதிச் சந்தியில் சிக்கிய இரண்டு லொறிகள் மாதிரி
ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள்.
எங்காவது ஒரு குத்துப் பட்டால் சரி, முடிந்தது.
அது லொத்தர்.
எனக்குப் பிடித்தது கணக்கு.

நூற்று இருபத்தைந்து இறாத்தல்.
பாணை இறாத்தலில் கேட்டு வாங்குகிற ஊரில்
அது வேறு மாதிரிக் காதில் விழுகிறது.
கிலோவில் ஐம்பத்தாறு எழுநூறு.
நாலாம் குறுக்குத் தெருவில்
பதினொரு வருசமாய்த் தராசடியில் நிற்கிறவன் நான்.
எனக்கு அது ஒரு வெங்காய மூட்டை,
அதன்மேல் கொஞ்சம் உருளைக்கிழங்கு.
நாட்டாமி சத்தியசீலன் அதை முதுகில் போட்டுக்கொண்டு
கைவண்டிகளுக்கு நடுவே ஓடுவான்.
அவனுக்கும் அதே எடைதான்.
மெல்லிய ஆட்களிடம் பலமில்லை என்று
என்னிடம் வந்து யாரும் சொல்லவேண்டாம்.

இன்று நீலக் காற்சட்டைக்காரன்
கெண்டைக்காலில் உதை வாங்கி வாங்கி
இடது காலை ஊன்ற முடியாமல் நிற்கிறான்.
கறுப்பு இடுப்பைப் பிடித்தான், தூக்கினான், போட்டான்.
போட்டதை நீலம் ஒத்துக்கொள்ளவில்லை.
நிலத்தைத் தொட்ட இடத்திலேயே சுழன்றான்.
நான் வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன்:
நீலம் கறுப்பின் கையை இழுத்து,
இல்லை, கறுப்பு நீலத்தின்,
வினைச்சொல் வருவதற்குள்
எழுவாய் மாறிவிடுகிறது.

கடைசிச் சுற்று.
கறுப்பு முதுகில் ஏறிவிட்டான்.
முன்கை மெல்லக் கழுத்துக்கடியில் நுழைகிறது.
நம் பேச்சில் தட்டிக்கொடுத்தால் பாராட்டு.
இங்கே எதிராளியின் கையில் இரண்டு தட்டுத் தட்டினால்
போதும், விடு.
நீலம் தட்டவில்லை.
முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது,
தட்டவில்லை,
கால்விரல்கள் விரிந்தன,

டேட்டா முடிந்தது.

திரையில் வட்டம் சுற்றுகிறது.
கீழே ஒழுங்கையில் மீன்காரனின் ஹோர்ன்.
நௌஸரின் காலைப் பிடித்து உலுக்கி,
ஏச்சு வாங்கி, ஹொட்ஸ்பொட் வாங்கி, திரும்பி வந்தால்
இருவரும் நிற்கிறார்கள்.
நடுவர் இருவரின் மணிக்கட்டையும் பிடித்திருக்கிறார்.
உயர்ந்தது நீலத்தின் கை.

எப்படி வெளியே வந்தான்?
துண்டு வீடியோ எல்லா இடத்திலும் கிடக்கிறது.
நாலு நாளாய் நான் அதைத் திறக்கவில்லை.
மூட்டை இறங்கும்போதெல்லாம்
ஒவ்வொரு வழியாய் அவனை வெளியே எடுத்துப் பார்க்கிறேன்.
தோளைத் திருப்பி. தாடையைப் புதைத்து.
நேற்றுச் செவ்வெங்காயத்தை இரண்டு முறை நிறுத்ததற்கு
முதலாளி ஒரு மாதிரிப் பார்த்தார்.

வியாழன் மாலை. ஷட்டர் பாதி இறங்கியாயிற்று.
தராசில் நானே ஏறினேன்.
ஐம்பத்தேழு இருநூறு.
செருப்பைக் கழற்றினேன்.
ஐம்பத்தாறு தொள்ளாயிரத்தைம்பது.
திறப்புக் கோர்வையையும் போனையும்
சத்தியசீலன் வாங்கிக்கொண்டான்.
ஐம்பத்தாறு எழுநூற்றைம்பது.

"ஐம்பது கிராம் கூட" என்றான்.
முதல்நாள் நிறுவையில்
துவாய்க்குப் பின்னால் நின்று
உள்ளாடையையும் கழற்றுவார்கள் என்று
எப்போதோ நான் சொன்னதை
அவன் மறக்கவில்லை.
தோளில் கிடந்த அழுக்குத் துவாயை எடுத்து
இரண்டு கையாலும் எனக்கு முன்னால் விரித்துப் பிடித்தான்,
முகத்தில் சிரிப்பே இல்லாமல்.