நிஜ வேகத்தில்

ஐந்து நிமிட நடுக்கத்துக்கு
பதினோரு நாள் கணக்குப் போட்டது எந்திரம்.
கெரேரோ கரையில் அந்தப் பிளவை உடைத்தது நான்தான்,
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.
ஒரு பொத்தான்.
பிறகு கை கழுவப் போனேன்.

மெக்சிகோ நகரம் என் திரையில்
சதுரம் சதுரமாகக் கிடக்கிறது.
ஒரு சதுரம் ஐம்பது மீட்டர்.
அதற்குள் ஒரு தோர்த்தியா கடை, ஒரு பல் மருத்துவர்,
பெயர்ப்பலகை கழன்ற ஒரு பள்ளிக்கூடம்,
மாடிப்படியில் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டு வைக்கும்
என் முன்னாள் கணவன்.
எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண்.
எண்ணுக்கு நிறம் பூசுவது என் வேலை.

அடியில் ஏரி.
நூற்றாண்டுக் கணக்கில் வடித்துத் தீர்த்தாயிற்று.
சேற்றுக்கு மட்டும் அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.
முந்நூறு கிலோமீட்டர் பாறைக்குள் நடந்து
களைத்து வருகிற அலை
இந்தச் சேற்றை மிதித்ததும் தெம்பாகிவிடுகிறது.
கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தெருமுனையில் விற்பார்களே,
அந்த ஜெலட்டின் மாதிரி
இரண்டு விநாடிக்கு ஒரு தரம்
அந்தப் பக்கம்,
இந்தப் பக்கம்.

முதல் ஓட்டத்தில் நகரத்தின் நடுவெல்லாம் சிவப்பு.
மாநகராட்சிப் பொறியாளர் பால்தசார்
பணிவாக எழுதியிருந்தார்:
அன்புள்ள ஒத்திலியா, இவ்வளவு சிவப்பு வேண்டுமா?
அளவுகோலின் உச்சியை ஒரு விரற்கடை உயர்த்தினேன்.
சிவப்பு ஆரஞ்சாயிற்று, ஆரஞ்சு மஞ்சளாயிற்று.
அதனால் ஒரு சுவர்கூடக் கூடுதலாக நிற்கப்போவதில்லை.
ஆனாலும் மூச்சு விடச் சுலபமாக இருந்தது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
பழையபடி இறக்கி வைத்தேன்.

இரவு பத்தரைக்குக் காவலாளி எவரார்தோ
காப்பிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார்.
கரையிலிருந்து வளையங்கள் கிளம்பின,
மலைகளில் பட்டு நெளிந்தன,
கண் மூடித் திறப்பதற்குள் பள்ளத்தாக்கு பற்றிக்கொண்டு
அணைந்தது.
"அழகாயிருக்கிறது."
எல்லோரும் சொல்வதுதான். நான் பதில் சொல்வதில்லை.
"ஆனால் தப்பு."
எது என்றேன்.
"இவ்வளவு சீக்கிரம் முடியாது."

கூட்டங்களில் யாருக்கும் பொறுமை கிடையாது,
எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவேன் என்று விளக்கினேன்.
அவர் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.
நிரை இருநூற்றெட்டு, நிரல் நானூற்றுப் பன்னிரண்டு.
"அந்த செப்டம்பரில் இங்கே இருந்தேன்" என்றார்.
அப்போது எனக்குப் பிறப்பதற்கே எட்டு வருடம் பாக்கி.

வேகத்தை ஒன்றுக்கு ஒன்று என மாற்றினேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
கரை எரிந்தது, நகரம் சாம்பல் நிறத்தில் தூங்கியது.
இருபது விநாடி. நாற்பது.
நான்கூட இதை இந்த வேகத்தில் பார்த்ததில்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.
ஐம்பதில் ஒரு வெளிர்நீலம்,
நாய்கள் மட்டும் கவனிக்கும் அளவுக்கு.
எண்பத்தேழில் தெற்குக் குன்றுகளைத் தாண்டியது.
பிறகு ஏரி.

அது நிற்கவில்லை.
கிழக்கு ஓரத்தில் மோதித் திரும்பி வந்தது,
வந்த வழியில் தன்னையே சந்தித்து உயர்ந்தது,
அவர் விரல் வைத்த சதுரம்
சிவந்து, வெளுத்து, சிவந்து,
இரண்டு விநாடிக்கு ஒரு தரம்.
அவர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.
கோப்பையில் காப்பி அசையாமல் இருந்தது.
உதடுகள் மட்டும் அசைந்தன.
எண்ணுகிறார் என்று நினைத்தேன்.
பெயர்கள்.

முடிந்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு,
"இப்போது சரி" என்று சொல்லி
மூன்றாம் தளத்து விளக்குகளை அணைக்கப் போனார்.
திரையில் அவர் விரல்ரேகை.
நான் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிஜ வேகத்திலேயே ஓட்டினேன்.
முதல் நிமிடத்தில் இருமினார்கள்.
இரண்டாவதில் ஒருவர் தொலைபேசியை எடுத்து
மறுபடி வைத்தார்.
மூன்றாவது நிமிடம் பால்தசார்
கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

இன்னும் இருக்கிறது என்றேன்.